சாடாக் தொலைபேசி உதவி: டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு எதற்குப் பயன்படும், எதற்குப் போதாது

இரவில் தூக்கம் வருவதில்லை. வேலையில் கவனம் நிற்பதில்லை. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வீட்டில் எரிந்து விழுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு நோய் என்று சொல்ல முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. இந்த இடத்தில் நிற்கும் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் பெரிய செலவில்லாமல் முதலில் யாரிடம் பேசலாம்? என் பதில் சாடாக். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழு என்பதன் சுருக்கப் பெயர் அது. ஆனால் அதை எதற்கு அழைப்பது, என்ன கேட்பது, அங்கிருந்து அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் அழைத்தால், அரை மணி நேரம் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும்.

1994-இல் ஜேன் வில்சன் என்பவர் இதைத் தொடங்கினார். பீதித் தாக்குதலால் அவரே அவதிப்பட்டவர். இன்று நாடு முழுக்கப் பல உதவி எண்களையும் ஆதரவுக் குழுக்களையும் இது நடத்துகிறது. நினைவில் வைக்க வேண்டிய எண்கள் மூன்று. தற்கொலை எண்ணம் வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துப் பயந்து போன வீட்டாருக்கும் 0800 567 567, இருபத்துநான்கு மணி நேரமும். பொதுவான மன உளைச்சலுக்கு 0800 456 789, அதுவும் இரவு பகலாக. வாய்விட்டுப் பேச வீட்டில் தனியிடம் இல்லாதவர்கள் 31393-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் கவுன்சலர் திருப்பி அழைப்பார். பிள்ளைகளுக்குத் தனியாக சைல்ட்லைன் 116 இருக்கிறது. வீட்டில் அடி உதை என்றால் 0800 428 428. கடைசி இரண்டும் சாடாக்குடையவை அல்ல, ஆனாலும் அதே தாளில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டி வைக்க வேண்டியவை.

மறுமுனையில் பேசுபவர் டாக்டர் அல்ல. பயிற்சி பெற்ற கவுன்சலர், பெரும்பாலும் தன்னார்வலர். அவர் நோய்ப் பெயர் சொல்லமாட்டார், மாத்திரை எழுதமாட்டார், வாராவாரம் உங்களை வைத்துச் சிகிச்சை நடத்தவும்மாட்டார். அவரால் முடிந்தவை மூன்று: பதறாமல் கேட்பது, ஆபத்து உடனடியானதா என்று பார்ப்பது, உங்கள் பகுதியில் எந்த இடத்துக்குப் போகலாம் என்று காட்டுவது. மூன்றாவதைத்தான் பலர் கேட்காமலே போனை வைத்துவிடுகிறார்கள். என் மதிப்பில் இந்தச் சேவையின் பாதி விலை அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. "சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், மெடிக்கல் எய்ட் இல்லை, காரில்லை, டாக்ஸியில் போகக்கூடிய இடம் சொல்லுங்கள்" என்று நேராகக் கேளுங்கள் (சாட்ஸ்வர்த் டர்பனின் ஒரு புறநகர், மெடிக்கல் எய்ட் என்பது தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்). முழுப் பெயர் சொல்லக் கூச்சமாக இருந்தால் விட்டுவிடலாம். ஊர் எது என்பதை மட்டும் சொல்லாமல் விடாதீர்கள், அது தெரியாமல் யாராலும் வழி காட்ட முடியாது.

அழைப்பதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் மனக்கஷ்டம் பெரும்பாலும் உடம்பின் பெயரில்தான் வெளியே வரும். நெஞ்சை அடைக்கிறது, தலை கனக்கிறது, வயிற்றில் காஸ், கைகால் மரத்துப் போகிறது. ஈசிஜி சரி, ரத்தம் சரி என்று ஜிபி (குடும்ப டாக்டர்) அனுப்பிவிடுவார், இரண்டு மாதத்தில் அதே வலியோடு திரும்பிப் போவோம். போனில் இதை மட்டும் சொன்னால் கவுன்சலரும் "டாக்டரைப் பாருங்கள்" என்றுதான் சொல்வார், வேறென்ன செய்வார்? அதனால் வலியோடு சேர்த்து, அன்றாடத்தில் எது நின்று போனது என்பதை எழுதுங்கள். வாரத்தில் எத்தனை இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை நாள் வேலைக்கு மட்டம் போட்டோம், முன்பு செய்து இப்போது விட்டது என்ன (கோயில், சமையல், பேரப்பிள்ளைகளோடு விளையாட்டு), குடி கூடியிருக்கிறதா. இப்படி எண்ணிக்கையாகச் சொன்னால் கேட்பவருக்கு நிலைமை சட்டென்று பிடிபடும்.

அளந்து பார்க்க பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாள் உலகம் முழுக்கப் பயன்படுகிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள்: ஆர்வம், மனநிலை, தூக்கம், சோர்வு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனம், அசைவில் மந்தம் அல்லது பரபரப்பு, செத்துப் போகலாம் என்ற நினைப்பு. ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதிக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. மொத்தம் 27. ஐந்துக்குக் கீழே பெரிதாகக் கவலை இல்லை. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் கிளினிக்கோ டாக்டரோ பார்த்தே ஆக வேண்டும், இருபதைத் தொட்டால் தள்ளிப்போட இடமில்லை. இதில் பலர் செய்யும் தவறு, மொத்தம் ஏழுதான் என்று நிம்மதியடைந்து ஒன்பதாவது கேள்விக்கு 1 போட்டதை மறந்துவிடுவது. அந்த ஒரு கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அதை முதல் வாக்கியத்திலேயே கவுன்சலரிடம் சொல்ல வேண்டும்.

இந்தத் தாள் மனச்சோர்வைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. டர்பன் தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் சர்க்கரை நோய் அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அதோடு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடம் எடுத்தால் இன்னும் குறையும். பி12 குறைந்தால் சோர்வு, மறதி, மந்தமான மனம், கால் மரப்பு எல்லாம் வரும், பார்க்க அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். தைராய்டு குறைந்தாலும் அதே கதை. ஆகவே "மனசு சரியில்லை" என்று கிளினிக்குக்குப் போகிறவர் சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு, பி12 நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தொலைபேசியில் இதையெல்லாம் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

போனை வைத்த பிறகு இரண்டு பாதைகள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு அரசுக் கிளினிக், அங்கே ஆரம்ப சிகிச்சைக்குக் கட்டணமில்லை. முதலில் சிஸ்டர் பார்ப்பார், தேவைப்பட்டால் டாக்டர், அவர் கடிதம் கொடுத்தால் சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான், டர்பனின் இன்னொரு புறநகரான ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை போன்ற பெரிய இடம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய் வரிசையில் நின்று, கடிதம் இல்லையென்று திருப்பி அனுப்பப்படுவதில் ஒரு நாள் வீணாகும். அடையாள அட்டை, தற்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் (பெட்டியோடு, பெயர் எழுதிய காகிதம் போதாது), முன்பு எழுதிய அந்தத் தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். விடியற்காலையில் போகிறவர்கள் சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் பலருக்குத் தங்கள் உரிமையே தெரிவதில்லை. எந்தத் திட்டமானாலும் கட்டாயம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. கடுமையான மனச்சோர்வும் இருமுனை நோயும் (மனநிலை மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் மாறி மாறி வரும் நோய்) அதில் வருகின்றன: வருடத்துக்கு மூன்று வாரம் வரை ஆஸ்பத்திரியில், அல்லது வெளியில் இருந்தபடி 15 முறை வரை உளவியல் சிகிச்சை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், உளவியலாளர் பில்லில் சாதாரண ஆலோசனை என்று குறியீடு போட்டுவிட்டால் பணம் திட்டத்துக்குள் இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து போகும், ஏப்ரலுக்குள் அது தீர்ந்துவிடும். முதல் சந்திப்பிலேயே "இதைக் குறைந்தபட்சப் பலனாகப் பதிவு செய்வீர்களா?" என்று கேட்டு, திட்டத்திடமிருந்து அனுமதி எண் வாங்கிய பிறகு தொடருங்கள். வெறும் பதற்றம் என்று எழுதப்பட்ட நோய்க்கு இந்த 15 முறை பொருந்தாது. மனச்சோர்வும் சேர்ந்து இருக்கிறதா என்று உளவியலாளர் சரியாக மதிப்பிடுவது அதனால்தான் முக்கியம். எந்த உளவியலாளரானாலும் எச்பிசிஎஸ்ஏ (மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்குக் கிளினிக்கில் பெரும்பாலும் முதலில் தரப்படுவது ஃப்ளுவாக்ஸெடின் அல்லது சிட்டலோப்ராம். ஃப்ளுவாக்ஸெடின் வழக்கமாக 20 மில்லிகிராம், காலையில். இதில் மக்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தெளிவு: முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், படபடப்பு, தூக்கக் கோளாறு வரும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கெடுதல் முதலில், நன்மை பிறகு. பத்தாம் நாள் "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பத்தாம் நாளில் சாடாக்கை மறுபடி அழைத்துப் பேசுவது மிக நல்ல உபயோகம், அந்த இடைவெளியைக் கடக்க ஒரு குரல் போதும். அதே சமயம், இளவயதினருக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடினாலோ யாருக்கேனும் படபடப்பு தாங்க முடியாமல் போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாக, டாக்டர் சொல்லித்தான். முதுகு வலிக்கு டிரமடால் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், இந்த இரண்டும் சேர்ந்தால் ஆபத்தான எதிர்வினை வரலாம்.

மொழி விஷயத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் இங்கே ஆட்சிமொழி அல்ல, தமிழ் பேசும் கவுன்சலரை எதிர்பார்த்து அழைக்க வேண்டாம். 1860 முதல் வந்து தலைமுறை கடந்த குடும்பங்களுக்கு ஆங்கிலம்தான் வீட்டு மொழி, அவர்களுக்கு இது பிரச்சினையில்லை. கஷ்டம் இரண்டு வகையினருக்கு: வயதான அம்மா அப்பாக்கள், சமீபத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள், கோயில் குருக்கள் உட்பட. இவர்களுக்காக யாராவது நடுவில் இருந்து மொழிபெயர்க்க வேண்டும். அங்கேதான் பெரும்பாலும் கெட்டுப் போகிறது. மகன் கேட்கிறான், "அம்மா, சாகணும்னு எப்பவாவது தோணுச்சா?" அம்மா, "ச்சே, நீ போய் இதையெல்லாம் கேட்கிறியே" என்கிறார். மகன் கவுன்சலரிடம், "இல்லையாம்" என்கிறான். அம்மா இல்லை என்று சொல்லவே இல்லை. மொழிபெயர்ப்பவர் பிள்ளையாகவோ கணவராகவோ இருக்கக் கூடாது. ஒரு சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ பரவாயில்லை. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், நடுவில் தன் விளக்கத்தைச் சேர்க்கக் கூடாது, பெரியவர் அழுதால் அழுகிறார் என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்தது விரதம். நம்மவர்களைப் பற்றி வெளியார் எழுதும் அறிவுரைகளில் இது வருவதே இல்லை, ஆனால் இதில்தான் உயிர் போகும் அபாயம் இருக்கிறது. புரட்டாசி மாதம் முழுக்கக் கறி மீன் இல்லை, குடி இல்லை. மனக்கஷ்டத்தைக் குடியால் அடக்கி வைத்திருப்பவர் இந்த மாதத்தில் ஒரே நாளில் நிறுத்துகிறார். தினமும் நிறையக் குடித்தவருக்குக் கடைசிக் கிளாஸுக்குப் பிறகு 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாளில் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் வந்தால் அது மருத்துவ அவசரம். அந்த மூன்றாம் நாள் பிதற்றலை "சாமி வந்திருக்கு" என்று நினைத்து விபூதி போட்டு வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கே மோசமாகலாம். சாமி வந்தவர் பாட்டும் உடுக்கையும் நின்றதும் இறங்கி, தண்ணீர் குடித்து, நம்மை அடையாளம் கண்டு பேசுவார். இரவு முழுக்க நடுங்கிக்கொண்டு சுவரில் பூச்சியைப் பொறுக்குபவரை ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்: 10177, மொபைலிலிருந்து 112. விரதம் இருக்க நினைக்கும் குடிப்பழக்கம் உள்ளவர் இரண்டு வாரம் முன்பே கிளினிக்கில் சொன்னால், மருந்தோடு பத்திரமாக நிறுத்த வழி உண்டு. விரதத்தைத் தொடக்கமாக வைத்துக் குடியை விட்டவர்கள் நிறையப் பேர், அது பெருமைப்பட வேண்டிய விஷயம். உடம்பு தயாராவதற்கு முன் நிறுத்துவதுதான் தவறு.

தைப்பூசக் காவடி ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. டர்பனில் அது கொளுத்தும் கோடை. இருமுனை நோய்க்கு லித்தியம் எடுப்பவர் தண்ணீர் குறைத்து, வெயிலில் வியர்த்து நடந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நடந்து முடித்ததும் கால்வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டால் இன்னும் ஏறும், பாராசிட்டமால் போதுமானது. வாந்தி, பேதி, கை பலமாக நடுங்குவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல் ஆகியவை விஷமாகிறது என்பதற்கு அடையாளம். வேண்டுதல் உள்ளவர் முன்கூட்டியே டாக்டரிடம் தேதி சொல்லி ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்துக்கொண்டு, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கலாம் என்று குருக்களிடமும் பேசி வைக்கலாம். மருந்தைத் தானாக நிறுத்துவதும் சரியில்லை. பாரொக்ஸெடின், வென்லஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் விட்டாலே தலைசுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும், பலர் அதை விரதத்தின் களைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நெருக்கடி வந்தால்? யாராவது சாகப் போவதாகச் சொன்னால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் முளைக்காது. தனியாக விடாதீர்கள். சேர்த்து வைத்த மாத்திரைகள், இன்சுலின், பூச்சிமருந்து எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தபடியே 0800 567 567 அழைத்து ஸ்பீக்கரில் போடலாம். ஏற்கெனவே ஏதாவது விழுங்கியிருந்தால் சாடாக் இல்லை, ஆம்புலன்ஸ்தான்.

சிகிச்சைக்கு வர மறுத்து, தனக்கோ பிறருக்கோ கேடு செய்யும் நிலையில் ஒருவர் இருந்தால், 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி தருகிறது. குடும்பத்தார் ஒருவர் எம்எச்சிஏ 04 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் பதினெட்டு வயது கடந்தவராகவும், நோயாளியைக் கடந்த ஏழு நாளுக்குள் நேரில் பார்த்தவராகவும் இருக்க வேண்டும். கேப்டவுனில் இருக்கும் அண்ணன் போனிலேயே ஏற்பாடு செய்கிறேன் என்றால் நடக்காது, பக்கத்தில் இருப்பவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு மருத்துவப் பணியாளர்கள் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால் 72 மணி நேரம் வைத்து மதிப்பிடுவார்கள். கையில் ஆயுதம் இருந்தால் போலீஸ் 10111, அவர்களுக்கும் இதே சட்டத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அதிகாரம் உண்டு.

வேலை போய்விடும் என்ற பயம்தான் பலரைப் போன் எடுக்கவிடாமல் தடுக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மூன்று வருடச் சுழற்சியில் 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு, அதில் மனநோய்க்கு வேறு கணக்கு இல்லை. விடுப்பு தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போனால் முதலாளி சான்றிதழ் கேட்கலாம், பதிவு பெற்ற உளவியலாளரும் அதைக் கொடுக்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் நோயின் பெயரை அதில் எழுதக் கூடாது. "மருத்துவ நிலை" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

ஆதரவுக் குழுக்கள் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் யார் யாருக்கு என்ன உறவு என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தெருக் குழுவுக்குப் போனால் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கலாம். இரண்டு ஊர் தள்ளி, அல்லது இணையவழிக் குழு இருக்கிறதா என்று சாடாக்கிடமே கேட்டால் கொஞ்சம் நிம்மதியாகப் பேசலாம். துக்கத்துக்கும் குடும்பத்தில் குடிப்பவரோடு வாழ்பவர்களுக்கும் குழு நன்றாகவே உதவும்.

எடுத்தவுடன் பேசும் கவுன்சலர் எல்லாருக்கும் பொருந்திவிடமாட்டார். ஒருவர் அவசரப்படுவார், ஒருவர் நம் வீட்டு முறை புரியாமல் "மாமியாரிடமிருந்து தனியாகப் போய்விடுங்கள்" என்று சொல்லிவிடுவார். அப்படியானால் சண்டை வேண்டாம், நன்றி சொல்லி வைத்துவிட்டு வேறு நேரத்தில் மறுபடி அழையுங்கள், வேறொருவர் எடுப்பார். இரண்டாவது அழைப்பில் முதலில் பேசியதன் சுருக்கத்தை நீங்களே இரண்டு வரியில் சொல்லிவிட்டு, போக வேண்டிய இடத்தின் பெயரையும் முகவரியையும் எழுதி வாங்கிக்கொண்டு வையுங்கள்.